நடு சீட்டுக்குக் கேட்காத சத்தம்

"ஒண்ணும் கேக்கல" என்றார் மாமனார்.

திரையில் ஒரு பாலம் இடிந்து ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கதவோரம் நின்றிருந்த மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கீழே சமையலறையில் தட்டுகள் கிணுகிணுத்தன. அறையின் நட்டநடுவில், கைவைத்த நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமனாருக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை.

"பாலம் விழுறது கண்ணுக்குத் தெரியுது மாப்பிள்ளை. காதுக்குத் தெரியல. பக்கத்து வீட்டுல யாரோ கட்டில நகத்துற மாதிரி இருக்கு."

"மாமா, வீடே ஆடுது."

"ஆடட்டும். ஆடலேன்னு நான் சொன்னேனா? எனக்குக் கேக்கல, அவ்வளவுதான்."

"எனக்குக் காது கிழியுதுப்பா" என்றாள் கதவோரம் நின்ற மகள்.

"அப்ப இந்தப் பெட்டி ஆள் பாத்துத்தான் பேசும் போல."

வேலையிடத்தில் லிப்ட்டு என்றும் அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றும் அழைக்கப்பட்டவனுக்குச் சுவரில் போய்த் தலையை முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. அதிலும் பயன் இல்லை. சுவர் முழுக்கச் சாம்பல் நிற நுரையை அவனே ஒட்டி வைத்திருந்தான். முட்டினாலும் வலிக்காது.

அவன் லிப்ட் மெக்கானிக். பிறந்து வளர்ந்தது ஒரே அறை கொண்ட வீட்டில். அந்த அறையில்தான் அப்பா வேலை முடிந்து வந்து பகலில் தூங்குவார், அக்கா தலைவாருவாள், அம்மா துணி மடிப்பாள், இவன் படிப்பான். குடும்பத்தில் முதல் பட்டம் இவன் வாங்கியது, இயற்பியலில். அதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று அப்பா ஆணியும் சுத்தியலுமாக நின்றார். ஆணி அடிக்க வெறும் சுவர் கிடைக்கவில்லை. பட்டம் டிரங்குப் பெட்டிக்குள் போனது. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை என்று கொஞ்ச காலம் அலைந்தான். கடைசியில் ஒரு லிப்ட் கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. இன்று ஊரில் உள்ள பாதி மாடிக் கட்டடங்களின் தலையில் ஏறி, கிரீஸ் கையோடு நிற்கிறான். பழுது பார்க்கும்போது யாராவது கீழிருந்து "முடிஞ்சுதா" என்று கேட்காத நாள் கிடையாது. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே அவனுக்குக் கழுத்து நரம்பு இழுக்கும்.

கல்யாணம் ஆன புதிதில், மனைவி வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு அவள் பெற்றோர் வீடுதான் பக்கம் என்று தற்காலிகமாக அங்கே வந்தார்கள். தற்காலிகம் அப்படியே வேர்விட்டுவிட்டது. நல்ல வீடு, நல்ல மனிதர்கள். ஆனால் அந்த வீட்டில் அவன் உட்காரப் போகும் இடமெல்லாம் ஏற்கெனவே வேறு யாருடையதாகவோ இருந்தது. ஜன்னல் பக்க நாற்காலி மாமனாருடையது. கூடத்து மூலை மாமியாரின் தையல் மிஷினுடையது. வாசல் படிகூட, மாலையில் மாமனார் செருப்பை உதறும் இடம். அவன் எங்கே உட்கார்ந்தாலும் பாதி உடம்போடுதான் உட்கார்ந்தான்.

மாடியில் ஒரு அறை இருந்தது. மாமியார் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் தலையணை, மெத்தை தைத்துக் கொடுப்பவர். அவருடைய பஞ்சு மூட்டைகள் அந்த அறையில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கும். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவன் வாய் திறந்து கேட்ட ஒரே பொருள் அந்த அறைதான். அதையும் நேராகக் கேட்கவில்லை. மாமியாரும் அவனிடம் நேராகப் பேசுகிறவர் இல்லை. அவன் எதிரே நின்றாலும் மகள் பக்கம் முகத்தைத் திருப்பி, "உன் வீட்டுக்காரருக்குக் காபி வேணுமான்னு கேளு" என்பார். மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, அவன் மனைவியிடம் சொன்னான், மனைவி அம்மாவிடம் சொன்னாள், பதில் அதே வழியாகத் திரும்பி வந்தது.

"குடுத்துட்டேன்னு சொல்லல. பாக்கலாம்னு சொல்லியிருக்கேன்னு சொல்லு."

அது போதும் அவனுக்கு. பல மாதம் சேர்த்து வைத்து ஒரு ஹோம் தியேட்டர் வாங்கினான். ஐந்து சின்ன ஸ்பீக்கர், அடித்தொண்டைச் சத்தத்துக்கென்று தனியாக ஒரு கனத்த வூஃபர் பெட்டி. வாங்கி வந்த அன்று மூட்டைகளை இறக்கி வைக்கும்வரை பொறுமை இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் இருந்த சந்திலேயே எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டான். ஆகா என்று இருந்தது. மாமனார் மாடிப்படியில் பாதியிலேயே நின்று, "நம்ம பஸ் இன்ஜின் காலையில சூடேறி நிக்கிற மாதிரி இருக்கே" என்றார். ஆயுள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

பிறகுதான் அறையை ஒழுங்கு செய்தான். மூட்டை எல்லாம் மாடிப்படிக்கு வந்தன. ஒவ்வொரு படியிலும் ஒரு பக்கம் மூட்டை, மறுபக்கம் ஆள் ஒருக்களித்து ஏற ஒரு சந்து. அறைக்குப் பெயின்ட் அடித்தான். திரை மாட்டினான். நாலு சுவரும் கூட்டித் துடைத்த மாதிரிப் பளிச்சென்று இருந்தன. அன்றிலிருந்து பிடித்தது சனி.

சுவரோரம் உட்கார்ந்தால் நெஞ்சில் யாரோ கும்குமென்று குத்தினார்கள். கதவோரம் நின்றால் காது அடைத்தது. நடுவில் உட்கார்ந்தால் இடியும் இல்லை மின்னலும் இல்லை. நடுவில் உட்காருபவர் மாமனார். நாற்காலியை அங்கே போட்டதும் அவர்தான்.

"கொஞ்சம் பின்னால போட்டுக்கலாமே மாமா?"

"வேலை பாத்த காலம் பூரா ஓரத்துலயே உக்காந்தாச்சு மாப்பிள்ளை. ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் இன்ஜின் சூடு. ரிட்டயர் ஆன அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே எங்க போனாலும் நடு சீட்டுதான்."

பின்னால் போவதைப் பற்றிப் பேசவே கூடாது. பின்னால் உட்காருவது கண்டக்டர்.

முதலில் எல்லோரும் மாமனாருக்குக் காது போய்விட்டது என்றுதான் நினைத்தார்கள். மகள் வற்புறுத்திக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இந்த வயதுக்கு இப்படிக் கேட்பதே பெரிது என்று சொல்லி அனுப்பினார். அதிலிருந்து மாமனாருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. "டாக்டரே சொல்லிட்டாரு. கோளாறு என் காதுல இல்ல, உங்க பெட்டியில" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

மாப்பிள்ளையோ மெஷினை நம்புகிறவன். லிப்ட் நின்றால் அவன் முதலில் மேலே மோட்டார் அறைக்குத்தான் போவான். உள்ளே மாட்டிக்கொண்டவர் என்ன சொல்கிறார் என்று பிறகு கேட்டுக்கொள்வான். இங்கேயும் அதையே செய்தான். ஒயரை மாற்றினான். பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்தான். ரப்பரை எடுத்துக் கல் வைத்தான். சத்தத்தைக் கூட்டினால் மனைவி திட்டினாள், குறைத்தால் மாமனார் திட்டினார். ஸ்பீக்கர் கடைக்காரர் பேச்சைக் கேட்டு, மேடும் பள்ளமுமான அந்த நுரையைச் சுவரெல்லாம் ஒட்டினான். வசனம் கொஞ்சம் தெளிந்தது. கும் கும் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மாமியார் ஒருமுறை மேலே வந்து நுரையை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். "இத வச்சு ஒரு குழந்தைத் தலகாணி கூடத் தைக்க முடியாதுன்னு சொல்லு" என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கிப்போனார்.

கடைக்காரருக்குப் போன் போட்டான்.

"எங்க சாமான்ல குறை வராது சார்."

"நான் குறைன்னு சொல்லல. நடுவுல உக்காந்தா கேக்கலைன்னு சொல்றேன்."

"ஓரமா உக்காந்து பாருங்க சார்."

"ஓரமா உக்காந்தா காது வலிக்குது."

"அப்ப நடுவுல உக்காருங்க."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தான்.

இதற்கிடையில் கெடுவும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு வருகிறார். அதற்குள் சரியானால் சரி. இல்லை என்றால் மூட்டைகள் அறைக்குத் திரும்பிவிடும், திரையும் பெட்டியும் பரணுக்குப் போய்விடும். "மாடிப்படியில ஒருக்களிச்சு ஏறி ஏறி எனக்கு இடுப்பு போச்சு. மேல நிக்கிற மனுசனச் சாப்பிடக் கூப்பிட்டா ஒருத்தருக்கும் காதுல விழறதில்ல. முன்னெல்லாம் இங்க இருந்து ஒரு குரல் குடுத்தா மாடி வரைக்கும் கணீர்னு போகும். ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்னு சொல்லு" என்றார் மாமியார், அவனைப் பார்க்காமல்.

மனைவி அவன் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும்தானாம்."

"எனக்கும் கேட்டுச்சு" என்றான்.

மறுநாள் வேலையிடத்திலும் நிம்மதி இல்லை. ஒரு குடியிருப்பின் நாலாவது மாடியில், மேல்தளத்தில், ஒரு நர்ஸ் இருந்தார். இரவு டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். லிப்ட் ஓடும்போதெல்லாம் படுக்கையறையில் ஒரு முனகல் கேட்கிறது என்று மாதக்கணக்கில் புகார் செய்துகொண்டிருந்தார். லிப்ட்டு ஒவ்வொரு முறையும் மோட்டாரைப் பார்ப்பான், படுக்கையறை வாசலில் நின்று காது கொடுப்பான், ஒன்றும் கேட்காது. பழுது இல்லை என்று எழுதிவிட்டு வந்துவிடுவான்.

இந்த முறை நர்ஸ் விடவில்லை.

"வாசல்ல நின்னு கேட்டா எப்படிங்க தெரியும்? நான் வாசல்லயா தூங்குறேன்?"

"மேடம், மோட்டார் சரியாத்தான் இருக்கு."

"மோட்டாரை யாரு கேட்டா? தலகாணி பக்கம் குனிஞ்சு கேளுங்க. நான் வெளிய நிக்கிறேன், நீங்க கேளுங்க."

கூச்சத்தோடு உள்ளே போய்க் கட்டிலின் தலைமாட்டில், சுவருக்குப் பக்கத்தில் குனிந்தான். யாரோ லிப்ட் பட்டனை அமுக்கினார்கள் போலும். ம்ம்ம் என்று ஒரு முனகல், தாடை எலும்புக்குள் இறங்குகிற மாதிரி. நிமிர்ந்து அறையின் நடுவுக்கு வந்தான். நின்றுவிட்டது. லிப்ட் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி சுவரோரம் போனான். ம்ம்ம். நடுவுக்கு வந்தான். ஒன்றுமில்லை. போய்ப் போய் வந்தான்.

"கேக்குதா?" என்றார் நர்ஸ் வெளியிலிருந்து.

கேட்டது. அதோடு சேர்ந்து வேறொன்றும் ஞாபகம் வந்தது, அதுதான் அவனை அப்படியே நிற்க வைத்தது. நிலை அலைகள். ஒலி சுவரில் மோதித் திரும்பி வரும். போகிற அலையும் வருகிற அலையும் சந்திக்கும். சில இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியும், சில இடத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். கணு, எதிர்க்கணு. பரீட்சையில் பெரிய கேள்வி. அளவுகோல் வைத்துப் படம் போட்டு, பென்சிலால் நிழல்கூடத் தீட்டி, முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். படத்தில் ஒரு குழாய் இருந்தது. குழாய்க்குப் பதில் ஒரு அறை, அறைக்குள் ஒரு கட்டில், கட்டிலில் தூங்க முடியாமல் ஒரு மனுசி என்று யாரும் வரையச் சொல்லவில்லை. அவனாக ஒரு நாளும் வரைந்து பார்த்ததும் இல்லை. அவ்வளவு படித்தது தலைக்குள் எந்த மூலையில், எந்த மூட்டைக்கு அடியில் கிடந்தது என்று யோசித்தான். எரிச்சல்தான் வந்தது, அதுவும் தன்மேலேயே.

மோட்டாருக்கு அடியில் இறுகிப்போயிருந்த ரப்பர் கட்டைகளை மாற்றினான். இறங்கி வந்து, கட்டிலைச் சுவரைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னான்.

"இதச் சொல்றதுக்கா இத்தன மாசம்?" என்றார் நர்ஸ்.

அவன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் நேராக மாடிக்குப் போனான். செல்போனில் ஒரே சுதியில் தாழ்ந்து ஒலிக்கும் சத்தம் ஒன்றைப் பிடித்து, வூஃபரில் ஓடவிட்டு நடந்தான். முன்சுவரில் கும்மென்று இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் தேய்ந்துகொண்டே வந்தது. நாற்காலிக்கு வந்தபோது, யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி இல்லாமல் போனது. தாண்டிப் பின்சுவருக்குப் போனால் மறுபடியும் கும். அறைக்கே நட்டநடுவில், அந்த அலை செத்துப்போகும் இடமாகப் பார்த்து, அளந்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார் மாமனார்.

"மாமா, உங்க காது சரி. இந்த இடம்தான் சரியில்ல."

"இத நான் அப்பவே சொன்னேனே."

"நீங்க பெட்டி சரியில்லன்னு சொன்னீங்க."

"ஏதோ ஒண்ணு சரியில்லன்னு சொன்னேன்ல?"

"ஒரு ரெண்டு அடி பின்னால…"

"அந்தப் பேச்சே வேணாம்."

ஆள் நகரமாட்டார் என்றால் பெட்டிதான் நகர வேண்டும். எங்கே? கடைக்காரரைக் கேட்பதைவிடச் சுவரைக் கேட்கலாம். செல்போனில் தேடினான். எவரோ ஒரு வழி சொல்லியிருந்தார்: கேட்கிறவர் உட்காரும் இடத்தில் வூஃபரைத் தூக்கி வைத்துவிட்டு, நாம் தரையோடு தரையாகத் தவழ்ந்து, எந்த இடத்தில் சத்தம் நிறைவாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் பிறகு பெட்டியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். தலைகீழாக இருந்தாலும் யோசித்தால் ஞாயம்தான். இங்கிருந்து அங்கே கேட்கிற மாதிரியே அங்கிருந்து இங்கேயும் கேட்கும்.

"என் சீட்டுல அதுவா?" என்றார் மாமனார்.

"கொஞ்ச நேரம் மாமா. எழுந்திருங்க."

"பஸ்ஸுல கூட லக்கேஜ சீட்டுல வைக்க விட்டதில்ல நான்."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து ஓரமாக நின்றார். வூஃபர் நடு நாற்காலியில் கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்து முனகியது. லிப்ட்டு முட்டிபோட்டு, தலையைத் தாழ்த்தி, சுவரோரமாகத் தவழத் தொடங்கினான். மூலைக்குப் போனான், முகத்தைச் சுளித்தான். கதவுப் பக்கம் போனான். காதைத் தரைக்குக் கொண்டுபோனான், தூக்கினான். அந்த நேரம் பார்த்தா மாமியார் வர வேண்டும்? டீ டம்ளரோடு வாசலில் நின்று, நாற்காலியில் இருந்த பெட்டியைப் பார்த்தார், ஓரத்தில் நின்ற புருசனைப் பார்த்தார், தரையில் நாலு காலில் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார்.

பின்னால் வந்த மகளிடம் கேட்டார்: "என்ன தொலச்சுட்டாராம்?"

"சத்தத்தத் தேடறாரும்மா."

"கிடைக்கலேன்னா கட்டிலுக்கு அடியிலயும் பாக்கச் சொல்லு." டம்ளரை மாமனார் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆனால் கிடைத்தது. பக்கவாட்டுச் சுவரின் சரிபாதியில், நாற்காலிக்கு நேர் பக்கத்தில், சத்தம் வீங்காமல் வற்றாமல் ஒரே சீராக இருந்தது. பெட்டியை அங்கே வைத்து, மாமனாரை உட்கார வைத்து, அதே பாலத்தை மறுபடியும் இடித்தான்.

மாமனாரின் வலது கால் சட்டென்று தரையை மிதித்தது. பிரேக் போடுகிற கால்.

"விழுந்துருச்சு" என்றார். அப்புறம் டீ டம்ளரை வூஃபர் தலைமேல் வைத்தார். "நல்ல ஸ்டூலு."

லிப்ட்டு டம்ளரை எடுத்தான். மாமனார் திரும்ப வைத்தார். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். ஏனென்றால் கதவோரத்தில் மனைவி இன்னும் காதைப் பொத்திக்கொண்டுதான் நின்றாள்.

"அப்பாவுக்குச் சரியாயிடுச்சு. இங்க அப்படியேதான் இருக்கு. பாலம் விழுந்து முடிஞ்சப்புறமும் கும்முனு இழுத்துக்கிட்டே போகுது."

அவள் சொன்னது உண்மை. மூலைகளில் சத்தம் தேங்கி நின்றது. அண்ணன் குடும்பம் வந்தால் பிள்ளைகள் எல்லாம் உட்காரப் போவது அந்தச் சுவரோரத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள் ஆகிவிட்டது. கையைப் பிசைந்துகொண்டு மாடிப்படியில் இறங்கினான். பாதியில் ஒரு மூட்டை இடறியது. வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. வாய்விட்டுத் திட்டினான். திட்டிய பிறகுதான் பயம் வந்தது: கீழே மாமியார் இருக்கிறார், கேட்டிருக்குமே. எட்டிப் பார்த்தான். அவர் தையல் மிஷினில் தலைநிமிராமல் இருந்தார்.

கேட்கவில்லை.

அவன் படியிலேயே நின்றான். இன்னொரு முறை, அதே வார்த்தையை, கொஞ்சம் பலமாகவே சொன்னான். வாயை விட்டுப் புறப்பட்ட குரல் மூட்டைகளுக்குள் போய் அமுங்கிவிட்டது. முன்பு இதே படியில் தும்மினால் மாடி வரை எதிரொலிக்கும். மேல நிக்கிற மனுசனைக் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை என்று மாமியார் சொன்னது குறை அல்ல, தகவல்.

வாங்கி வந்த முதல் நாள் ஏன் அவ்வளவு நன்றாக இருந்தது என்று அவன் யோசிக்காத நாள் இல்லை. கடைக்காரன் பெட்டியை மாற்றிவிட்டானோ, பெயின்ட் காரணமோ, கரன்ட் காரணமோ என்று என்னென்னவோ நினைத்தான். அன்று மூட்டைகள் இருந்தன என்பது மட்டும் கண்ணில் படவே இல்லை. அவன் கணக்கில் மூட்டைகள் இடைஞ்சல். அறைக்குள் இருந்த பொருள் அல்ல. விரல் கனத்துக்கு நுரையை ஒட்டி அவன் பிடிக்கப் பார்த்த சத்தத்தை, ஆளுயரப் பஞ்சு மூட்டைகள் உட்கார்ந்த இடத்தில் விழுங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. அவற்றைத் தன் கையாலேயே இறக்கி வைத்துவிட்டுத்தான் இத்தனை நாள் ஊரைத் திட்டியிருக்கிறான்.

இனி போய்க் கேட்க வேண்டும். அதுதான் பாரம்.

கூடத்துக்குப் போனான். மனைவி மருந்துக்கடையிலிருந்து இன்னும் வரவில்லை. இடையில் நின்று பேச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடத்த ஆள் இல்லை. மாமியார் மிஷினை நிறுத்தினார். பேச்சை யார் தொடங்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவர், சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"அவ வர நேரம்தான்."

"இல்ல அத்தை. உங்ககிட்டதான்." மாடிப்படியைக் காட்டினான். "அந்த மூட்டை எல்லாம்… திரும்ப மேல ஏத்திடலாம்னு பாக்குறேன்."

மாமியாரின் முகத்தில் ஒரு நிறைவு பரவியது. "அப்ப சரியாகலையா?"

"சரியாகணும்னா மூட்டை வேணும். நாலு மூலையிலயும். தரையில இருந்து கூரை வரைக்கும்."

அவர் அவனையே பார்த்தார். கேலி செய்கிறானா என்று பார்ப்பது போல் இருந்தது.

"எறக்கி வச்சது யாரு?"

"நான்தான்."

"அப்ப ரூம் உங்களுதா, மூட்டையோடதா?"

அந்தக் கேள்விக்கு இயற்பியலில் விடை இல்லை. "தெரியல அத்தை" என்றான் உண்மையாகவே. "நீங்க சொல்றதுதான்."

அவர் ஊசியில் நூல் கோத்தார். அப்புறம், "ஈரம் இல்லாம துடைச்சிட்டு வைங்க" என்றார்.

அன்று மிச்ச நேரம் முழுக்க மூட்டை ஏற்றினான். மாமனார் நடு நாற்காலியில் உட்கார்ந்தபடி, "ரைட்ல வாங்க, ரைட்ல… போலாம்" என்று ரிவர்ஸில் வரும் பஸ்ஸுக்கு வழி சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். நாலு மூலையும் அடைபட்டன. அழகு என்று சொல்ல முடியாது. வாங்கிய திரை இரண்டு தூண் மூட்டைகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்தது. ஆனால் பாலம் விழுந்தபோது விழுந்தது. விழுந்து முடிந்ததும் நின்றது. மனைவி கதவோரத்தில் நின்றபடியே கையைக் காதிலிருந்து எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். பிள்ளைகள் மூட்டைகளில் சாய்ந்து படம் பார்த்தார்கள். "குடோன்ல உக்காந்து படம் பாக்குற மாதிரி இருக்கு மாப்பிள்ளை" என்றார் மச்சான். "ஆனா சத்தம் பிரமாதம்." மாமியார் வாசல்வரை வந்தார். திரையைப் பார்க்கவில்லை, மூட்டைகளைத்தான் பார்த்தார். "மேல டீ கொட்டாமப் பாத்துக்கச் சொல்லு" என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கினார். அறை யாருக்கு என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கெடு போய்விட்டதா, தள்ளிப் போயிருக்கிறதா என்று கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை.

அடுத்த வாரமே வந்தது வினை. வேலையிலிருந்து களைத்து வந்து படத்தைப் போட்டால் மறுபடியும் கும் கும். ஒயரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து மூலையைப் பார்த்தான். முன்மூலை காலி. கீழே மாமியார் ஒரு விடுதிக்குத் தலையணை அடைத்துக்கொண்டிருந்தார்.

"முன்மூலை மூட்டைய…" என்று அவன் மனைவியிடம் தொடங்கினான்.

"ஆர்டர் வந்தா எடுக்கத்தானே செய்யணும்? கேட்டுட்டா எடுக்கணும்னு கேளு" என்றார் மாமியார் மகளிடம்.

"ரெண்டு பேரும் நேராப் பேசிக்கங்களேன்" என்றாள் மனைவி. "எனக்கு வாய் வலிக்குது." தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாமியார் மறுபடி தலையணைக்குள் பஞ்சைத் திணித்தார். அவன் மாடிக்கு வந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கடுப்போடு படம் பார்த்தான். இனி தலையணை விற்கிற நாளில் இடி கெடும், விற்காத நாளில் இடி தெளியும். இதுதான் தலையெழுத்து.

புது லோடு வந்து மூலை நிறைந்தது. சில நாள் கழித்து ஒரு மாலை, மாமனார் நடுவில், அவன் பக்கத்தில் ஒரு மூட்டையில் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு, படம் சரியான கட்டத்தில் இருந்தது. வில்லனின் கார் சுரங்கத்துக்குள் நுழைகிறது. அப்போது காலியாகக் கிடந்த மாடிப்படி வழியாக ஒரு குரல் கணீரென்று ஏறி வந்தது.

"மாப்பிள்ளை."

அவன் நிமிர்ந்தான். மனைவி பெயர் இல்லை, சொல்லு கேளு இல்லை. அவனைத்தான்.

"சொல்லுங்க அத்தை."

"ஆர்டர் வந்திருக்கு. எந்த மூலையில இருந்து எடுக்கட்டும்?"

ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான். கார் சுரங்க வாயிலேயே நின்றது. நாலு மூலையையும் மாறி மாறிப் பார்த்தான், பதில் சொல்ல நேரமாகிவிட்டது.

"முடிஞ்சுதா?" என்றது கீழே குரல்.

"கதவுப் பக்கம் அத்தை. மேல இருக்கிறது."

"எட்டாது. வந்து எடுத்துக் குடுங்க."

"இந்தக் காரை இன்னைக்காவது உள்ள விடுவாங்களா" என்று முனகிக்கொண்டே எழுந்தான். மாமனார் அவன் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிப் படத்தை ஓடவிட்டார்.

"நீங்க போங்க" என்றார் நடு சீட்டிலிருந்து. "நான் கேட்டுச் சொல்றேன்."